பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள்

சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் ஜனவரியில் வெளியாகின்றன. பள்ளி மண்டபத்தில் முடிவைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பும் மாணவர் அன்று மாலையே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். ஜேஏஇ எனப்படும் கூட்டு மாணவர் சேர்க்கையில் அவர் பன்னிரண்டு தெரிவுகள்வரை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா, தொழில்நுட்பக் கல்விக் கழகமா? எந்தப் பாடம் முதலில், எது ஏழாவது? இவ்வளவையும் முடிவு செய்ய ஒரு வாரம்கூடக் கிடைப்பதில்லை.

நான் துவாஸில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பம்பு, மோட்டார், வால்வு, கட்டுப்பாட்டுப் பெட்டி இவற்றோடுதான் என் நாள் கழிகிறது. ஆண்டு முடிவு நெருங்கினால் உறவினர், நண்பர் வீடுகளிலிருந்து எனக்கு அழைப்பு வரும். “தம்பி, எங்க பிள்ளை எந்த கோர்ஸ்ல சேரலாம்?” என்பதுதான் எல்லாருடைய கேள்வியும்.

இந்த ஆண்டு அந்தக் கேள்வி என் சொந்த அக்கா வீட்டிலேயே எழுந்தது. அக்கா மகன் உயர்நிலை நான்கு மாணவன். மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தான். அதில் எட்டுப் பாடங்கள் இருந்தன. நண்பர்கள் சொன்னவை, இணையத்தில் பார்த்தவை, சென்ற ஆண்டு எத்தனை புள்ளிகளுக்கு இடம் கிடைத்தது என்று கணக்குப் பார்த்துச் சேர்த்தவை.

“இந்த எட்டில் ஏதாவது ஒன்றைப் படித்து முடித்தவர் காலையில் வேலைக்குப் போய் முதலில் என்ன செய்வார்?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். “தெரியல மாமா. மெக்கட்ரானிக்ஸும் மெக்கானிக்கலும் ஒண்ணான்னுகூடத் தெரியல,” என்றான்.

அவன் வகுப்பில் மற்றவர்களைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில்தான் வந்திருக்கும். புள்ளிகள் எல்லாருக்கும் தெரியும். பாடத்தின் பெயரும் தெரியும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் அன்றாட வேலை மட்டும் தெரியாது. பதினாறு வயதில் எடுக்கும் ஒரு பெரிய முடிவை அந்த ஒன்று தெரியாமலேயே பலரும் எடுக்கிறார்கள். சேர்வதற்கு முன்பே அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஓர் இடம், பத்துப் படிப்புகள்

பெரும்பாலான மாணவர்களுக்குத் துவாஸ் என்றால் மலேசியாவுக்குப் போகும் வழி. பள்ளி விடுமுறையில் பேருந்தில் கடந்துபோகும் இடம். கிழக்கு-மேற்கு ரயில் பாதை 2017 ஜூனில் துவாஸ் லிங்க் வரை நீட்டிக்கப்பட்ட பிறகும், இங்கே வேலை இருப்பவர்களைத் தவிர அந்தக் கடைசி நிலையத்தில் இறங்குபவர்கள் குறைவு. ஆனால், எந்தப் படிப்பு எந்த வேலையாக மாறுகிறது என்று பார்க்க விரும்புவோருக்குச் சிங்கப்பூரில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

நான் வேலை செய்யும் ஆலையைப் பற்றி வெளியில் எழுத முடியாது. அதனால் எல்லாரும் அறிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரின் முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை 2005ஆம் ஆண்டு துவாஸில் திறக்கப்பட்டது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் துவாஸ் சுத்திகரிப்பு ஆலை 2018இல் திறக்கப்பட்டது. கடல்நீரை வடிகட்டி, மிக நுண்ணிய சவ்வுகளின் வழியே கடும் அழுத்தத்தில் செலுத்தி உப்பைப் பிரிப்பதுதான் இத்தகைய ஆலைகளின் அடிப்படை. ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் நீரை இப்படிச் சுத்திகரிக்க ஏறத்தாழ 3.5 கிலோவாட் மணி மின்சாரம் தேவைப்படுகிறது. அதைக் குறைப்பதற்கான ஆய்வு தொடர்ந்து நடக்கிறது.

இப்படி ஓர் ஆலையை நடத்த என்னென்ன படிப்பு தேவை என்று நானும் மருமகனும் உட்கார்ந்து எண்ணினோம். நீரில் எந்த ரசாயனத்தை எவ்வளவு சேர்ப்பது என்று முடிவு செய்ய வேதிப் பொறியியல். பம்புகளையும் குழாய்களையும் பார்த்துக்கொள்ள இயந்திரப் பொறியியல். அவற்றை ஓட்டும் மோட்டார்களுக்கும் மின்சார விநியோகத்துக்கும் மின்பொறியியல். உணர்கருவி சொல்வதைக் கேட்டு வால்வைத் தானாகத் திறந்து மூடச் செய்யத் தானியங்கிக் கட்டுப்பாடு. குடிக்கத் தகுந்த நீர்தானா என்று சோதிக்க ஆய்வுக்கூட அறிவியல். எந்தப் பம்பு பழுதாகப் போகிறது என்று முன்கூட்டியே கணிக்கத் தரவுப் பகுப்பாய்வு. கட்டுப்பாட்டுக் கணினிகளை ஊடுருவாமல் காக்க இணையப் பாதுகாப்பு. வேலையிடப் பாதுகாப்பு, கணக்கியல், பொருள் கொள்முதல், மனிதவளம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. பத்தைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.

சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் துவாஸ் துறைமுகம். 2022 செப்டம்பர் 1ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட இந்தத் துறைமுகம் கட்டம் கட்டமாக வளர்கிறது. 2040களில் முழுமையடையும்போது ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளும் ஆற்றல் அதற்கு இருக்கும். முதல் கட்டத்துக்காகக் கடலைத் தூர்க்கும் பணியில், ஒவ்வொன்றும் 28 மீட்டர் உயரமுள்ள 221 கான்கிரீட் பேழைகளைக் கடலில் இறக்கிக் கரை அமைத்தார்கள். அது கட்டடப் பொறியியல் படித்தவர்களின் வேலை. இன்று அந்தக் கரையின்மேல் ஓட்டுநர் இல்லாத மின்வாகனங்கள் கொள்கலன்களைச் சுமந்து செல்கின்றன. அந்த வாகனங்கள் ஒன்றோடொன்று மோதாமல் வழிநடத்துவது மென்பொருள்.

துறைமுக வேலை என்றதும் நம் தாத்தாக்கள் காலத்து மூட்டை சுமத்தல்தான் வீட்டில் உள்ள பெரியவர்களின் நினைவுக்கு வரும். அப்பாக்கள் காலத்தில் அது பாரந்தூக்கி இயக்குவது, கனரக வாகனம் ஓட்டுவது என்று மாறியது. இன்று குளிரூட்டப்பட்ட கட்டுப்பாட்டு அறையில் திரைகளைக் கண்காணிப்பவர்களும் துறைமுக ஊழியர்களே. வேலையின் பெயர் பழையதாகவே இருக்கும். உள்ளே நடப்பது மாறிவிடும். அதனால்தான் பெயரை வைத்து ஒரு படிப்பை விரும்புவதும் வெறுப்பதும் சரிப்படாது.

ஒரு படிப்பு, பல வாழ்க்கை

இதன் மறுபக்கமும் உண்டு. என்னுடன் ஒரே பட்டயப் படிப்பை முடித்த நண்பர்களில் ஒருவர் மின்தூக்கிப் பராமரிப்பில் இருக்கிறார். இரவு இரண்டு மணிக்கும் அழைப்பு வரும். இன்னொருவர் மருத்துவக் கருவிகள் விற்கும் நிறுவனத்தில் இருக்கிறார். மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று கருவியை விளக்குவது அவர் வேலை. மூன்றாமவர் பகுதிநேரமாகப் பட்டம் படித்து வடிவமைப்பு அலுவலகத்தில் நாள் முழுவதும் கணினி முன் வரைபடம் வரைகிறார். நான் துவாஸில் இருக்கிறேன். நால்வரும் ஒரே வகுப்பில் ஒரே பாடங்களைப் படித்தவர்கள்.

ஆகவே, “இந்தப் படிப்பு நல்லதா?” என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. “இந்தப் படிப்பிலிருந்து எந்தெந்த வேலைகளுக்குப் போகிறார்கள்? அந்த வேலைகளில் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும்?” என்று கேட்டால் விடை கிடைக்கும்.

என் சாதாரண நாளைச் சொல்கிறேன். காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரும் கூடி நிற்கும் டூல்பாக்ஸ் மீட்டிங். இன்று என்ன வேலை, அதில் என்ன ஆபத்து என்று பேசுவோம். பிறகு வேலை அனுமதிப் படிவங்கள். ஓர் இயந்திரத்தைத் திறப்பதற்கு முன் அதற்கு வரும் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, என் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையில் ஸ்பேனர். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதற்கே நேரம் அதிகம் போகும். கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். கடைசியில் அறிக்கை எழுத வேண்டும். என்ன பழுது, ஏன் வந்தது, மீண்டும் வராமலிருக்க என்ன செய்யலாம் என்று அடுத்த ஷிஃப்டில் வருபவருக்குப் புரியும்படி எழுத வேண்டும்.

இதைக் கேட்ட மருமகனுக்கு ஆச்சரியம். “இவ்வளவு எழுதணுமா மாமா?” என்றான். எழுதுவது பிடிக்காது என்பதற்காகப் பொறியியலை நோக்கி வருபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதேபோல், மக்களோடு பேசுவது பிடிக்காது என்று கணினித் துறைக்குப் போவோர், வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்று கேட்டு அறிவதே அந்த வேலையின் பெரும்பகுதி என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்காவின் கேள்வி

என் அக்காவுக்கு இதெல்லாம் ஏற்புடையதாக இல்லை. அத்தான் லாரி ஓட்டுகிறார். வெயிலிலும் மழையிலும் வேலை செய்து களைத்து வரும் கணவரையும் தம்பியையும் பல ஆண்டுகளாகப் பார்த்தவர் அவர். “நீங்க ரெண்டு பேரும் பட்டது போதும்டா. இவனாவது ஏசி ரூம்ல உட்கார்ந்து வேலை செய்யட்டும். கம்ப்யூட்டர் படிக்கட்டும்,” என்றார்.

அக்காவின் பேச்சில் நியாயம் இருக்கிறது. துவாஸ் வேலையின் சிரமங்களை நான் மறைக்கவில்லை. ஷிஃப்ட் வேலையில் தீபாவளியன்றும் ஆலைக்குள் இருந்திருக்கிறேன். காதுக்கவசம் போடாமல் நிற்க முடியாத இரைச்சல் உண்டு. வீடு தீவின் கிழக்கே இருந்தால் போய்வரவே மூன்று மணி நேரம் போய்விடும். பிள்ளைகளிடம் இவற்றைச் சொல்லாமல் வாய்ப்புகளை மட்டும் சொல்வது சரியில்லை.

ஆனால், அக்கா நினைப்பதுபோல் குளிர்சாதன அறை ஒரு துறைக்கு மட்டும் சொந்தமில்லை. ஆலையின் கட்டுப்பாட்டு அறையும் குளிர்ந்த அறைதான். கணினித் துறையில் இருப்பவரும் ஏதாவது அமைப்பு செயலிழந்தால் நள்ளிரவில் எழுந்து உட்காருகிறார். இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. ஆண் பிள்ளைகளுக்கு அதன்பின் இரண்டு ஆண்டு தேசிய சேவை. பிடிக்காத பாடத்தில் சேர்ந்து ஓர் ஆண்டு கழித்து விலகி வேறொன்றில் முதலிலிருந்து தொடங்கினால், வேலைக்குப் போகும் வயது இன்னும் தள்ளிப்போகும். அத்தானின் ஒற்றைச் சம்பளத்தில் ஓடும் வீட்டில் அந்த ஓர் ஆண்டு சாதாரண விஷயம் இல்லை.

“அப்போ எது நல்லதுன்னு நீயே சொல்லேன்,” என்றார் அக்கா. நான் சொல்ல மறுத்துவிட்டேன். எட்டில் எதை வெட்டுவது, எதை வைப்பது என்று அவனே கண்டுபிடிக்க ஆறு மாதம் கொடுப்போம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கணினிப் பாடம் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அக்கா சம்மதித்தார்.

தேக்காவில் கேட்ட கதை

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வரக் காரணமான ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துவாஸில் கட்டுமானத் தளம் ஒன்றில் வேலை செய்யும் புதுக்கோட்டைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியா வருவார். தேக்கா நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டே பேசுவோம். அவர் பொறியியல் பட்டதாரி. மின்னணுவியலும் தகவல் தொடர்பும் படித்தவர். அந்தப் படிப்புக்கும் இப்போது செய்யும் வேலைக்கும் தொடர்பில்லை. இங்கே வந்து கற்றுக்கொண்ட வேலையை அவர் திறமையாகவே செய்கிறார். படிப்பை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“எங்கண்ணே தேர்ந்தெடுத்தேன்? பன்னிரண்டாவது முடிச்சேன். கட்-ஆஃப் மார்க்குக்கு எது கிடைச்சுதோ அதுல சேர்த்துவிட்டாங்க. எங்க குடும்பத்துல காலேஜ் போன முதல் ஆள் நான்தான். யாருகிட்ட கேக்குறது?” என்றார்.

‘யாருகிட்ட கேக்குறது’ என்ற அந்தக் கேள்விக்கு இன்று பல நாடுகள் பதில் தேடுகின்றன. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1ஆம் தேதி ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் ‘கல்லூரிக் கனவு’ என்ற நிகழ்ச்சியையும் அரசு நடத்தத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்களுக்கு என்னென்ன படிப்புகள் உள்ளன, எங்கே படிக்கலாம், கல்விக்கடன் எப்படிப் பெறலாம் என்று வல்லுநர்கள் விளக்குகிறார்கள். அந்தப் புதுக்கோட்டை அண்ணனின் தம்பி தங்கையர் காலத்துக்கு இது வந்திருக்கிறது.

தென்கொரியா வேறொரு வழியில் போனது. தேர்வு நெருக்கடிக்குப் பெயர்போன அந்நாட்டில் 2013ஆம் ஆண்டு சில நடுநிலைப் பள்ளிகளில் ‘தேர்வில்லாப் பருவம்’ ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். 2016இல் அது எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிவடைந்தது. அந்தப் பருவத்தில் வழக்கமான எழுத்துத் தேர்வுகள் இல்லை. மாணவர்கள் வேலையிடங்களுக்குச் செல்வது, பல தொழில்களை நேரில் அறிவது போன்றவற்றுக்கு நேரம் ஒதுக்கப்படுகிறது. அயர்லாந்தில் 1974 முதலே உயர்நிலைப் பள்ளியின் நடுவில் ஓர் இடைக்கால ஆண்டு இருக்கிறது. அதில் மாணவர்கள் வேலை அனுபவமும் பெறுகிறார்கள்.

அமெரிக்காவில் பட்டப் படிப்பில் சேர்ந்து, துறையைத் தேர்ந்தெடுத்துவிட்ட மாணவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மூன்று ஆண்டுக்குள் அதை மாற்றிக்கொள்கிறார் என்று அந்நாட்டுக் கல்வித் துறை 2017இல் வெளியிட்ட தகவல் கூறுகிறது. அங்கே மாற்றிக்கொள்வது ஓரளவு எளிது. நம் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் முதல் நாளிலேயே பெரும்பாலானோர் ஒரு குறிப்பிட்ட பாடத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். அதனால் நுழைவதற்கு முன் தேடிப் பார்ப்பது நமக்கு இன்னும் அவசியமாகிறது.

சேர்வதற்கு முன் சோதித்துப் பார்க்க

சிங்கப்பூரில் இதற்கான வாய்ப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை உரிய நேரத்தில் பயன்படுத்துவோர்தான் குறைவு.

முதலாவது, பள்ளியிலேயே கிடைக்கும் கல்வி, தொழில் வழிகாட்டி ஆலோசகர். மதிப்பெண் குறைந்தவர்கள்தான் அவரைப் பார்க்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நேரம் கேட்டுப் பதிவு செய்தால் யாரும் பேசலாம். பெற்றோரையும் அழைத்துச் செல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையத்தளம். அதில் மாணவர்களுக்கான ஆர்வக் கணிப்புப் பகுதி உண்டு. உங்களுக்கு எதில் நாட்டம் என்று சில கேள்விகள் மூலம் காட்டும். அதன் முடிவைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் நினைத்தே பார்க்காத இரண்டு மூன்று துறைகளை அது எடுத்துக்காட்டினால், அதுவே போதுமான பயன்.

மூன்றாவது, உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்காகப் பலதுறைத் தொழிற்கல்லூரிகள் பள்ளிகளோடு சேர்ந்து நடத்தும் உயர்தர விருப்பப் பாடங்கள். சில வாரங்களே நடக்கும் இவற்றில் உண்மையான ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். உங்கள் பள்ளியில் இந்த ஆண்டு எது வழங்கப்படுகிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள மூன்று ஆண்டு செலவழிப்பதைவிட மூன்று வாரம் செலவழிப்பது மேல்.

நான்காவது, ஜனவரியில் நடக்கும் பொது வரவேற்பு நாள்கள். பையும் பேனாவும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அங்கே நிற்கும் மூத்த மாணவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: இந்தப் பாடத்தில் எந்தப் பகுதி உங்களுக்கு மிகவும் சலிப்பாக இருந்தது? வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆய்வுக்கூடம், எத்தனை மணி நேரம் கணக்கு? வேலைப் பயிற்சிக்கு எங்கே போனீர்கள், அங்கே உண்மையில் என்ன செய்தீர்கள்? சேர்ந்தவர்களில் யாராவது விலகினார்களா, ஏன்? விளம்பரத் தாள்களில் இவற்றுக்கு விடை இருக்காது.

ஐந்தாவது, இஏஇ எனப்படும் முன்கூட்டிய மாணவர் சேர்க்கை. 2016இல் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், தேர்வு முடிவு வருவதற்கு முன்பே ஆர்வத்தையும் திறனையும் காட்டி நிபந்தனையுடன் கூடிய இடம் பெறலாம். நேர்காணலில் “ஏன் இந்தத் துறை?” என்று கேட்பார்கள். அந்தத் துறையில் சிறிதளவாவது கைவைத்துப் பார்த்தவரால்தான் நம்பும்படி பதில் சொல்ல முடியும். இடம் கிடைக்கிறதோ இல்லையோ, அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

எவ்வளவு தேடியும் தெளிவு வராதவர்களுக்கும் வழி உண்டு. பொறியியல், வணிகம், தகவல் தொழில்நுட்பம் போன்ற பிரிவுகளில் பொது நுழைவுத் திட்டங்களைப் பலதுறைத் தொழிற்கல்லூரிகள் நடத்துகின்றன. முதலில் அடிப்படைப் பாடங்களைப் படித்துவிட்டுப் பிறகு குறிப்பிட்ட பட்டயப் படிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். தொடக்கக் கல்லூரி வழியே பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கும் இதுபோன்ற வாய்ப்பு இருக்கிறது. சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் எல்லாரும் பொதுவான பாடங்களோடு தொடங்கிப் பின்னர்தான் துறையைத் தேர்வு செய்கிறார்கள். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மானுடவியல், அறிவியல் கல்லூரி 2021இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கும் பொதுப் பாடத்திட்டத்தைப் படித்துக்கொண்டே முதன்மைப் பாடத்தை முடிவு செய்யலாம்.

இப்போது கீழ்வகுப்புகளில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. தேர்வின் பெயர் மாறும். எந்தப் பாடத்தில் சேர்வது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

பட்டியல் எப்படிச் சுருங்கியது

மருமகனின் எட்டுப் பாடங்களுக்கு வருவோம். ஆலைக்குள் அவனை அழைத்துச் செல்ல எனக்கு அனுமதி இல்லை. அதனால் வெளியிலிருந்தே செய்யக்கூடிய மூன்று காரியங்களைச் செய்தோம்.

முதலில், எட்டுப் படிப்புகளின் பாடப் பட்டியல்களையும் கல்லூரிகளின் இணையத்தளங்களிலிருந்து எடுத்து வாசித்தான். மூன்று ஆண்டும் என்னென்ன பாடம் என்று அதில் இருக்கும். உயிர்மருத்துவப் பொறியியலை மருத்துவம் என்று எண்ணிப் பட்டியலில் சேர்த்திருந்தான். உள்ளே பார்த்தால் மின்னணுவியலும் நிரலாக்கமும் நிறைய. அதை விரும்புகிறவர்களுக்கு அருமையான படிப்பு; இவன் தேடியது அது இல்லை. ஒரே மாலையில் இரண்டு பாடங்கள் பட்டியலிலிருந்து போயின.

அடுத்து, ஜூன் விடுமுறையில் வேலையில் இருக்கும் மூவரோடு பேசினான். என் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் அக்கா ஒருவர், மென்பொருள் எழுதும் நண்பர் ஒருவர், மின்தூக்கிப் பராமரிப்பில் இருக்கும் என் வகுப்புத் தோழர். மூவரிடமும் ஒரே கேள்விகள்: நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்? எந்த வேலை வந்தால் நேரம் போவதே தெரியாது? எது வந்தால் எப்போது முடியும் என்று இருக்கும்? ஆளுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. பெரியவர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேச விரும்புகிறார்கள். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதாக, கைவைத்துப் பார்த்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பைத்தான் பயிற்சி ஒன்றைத் தொடங்கினான். விலை குறைந்த ஆர்டுயினோ சுற்றுப்பலகை ஒன்றை வாங்கி, வாளியில் நீர் நிறைந்தால் ஒலி எழுப்பும் கருவியைச் செய்தான். முதல் வாரம் நீர் இல்லாதபோதும் அது கத்திக்கொண்டே இருந்தது. அக்கா வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. ஏன் தவறாகக் கத்துகிறது என்று கண்டுபிடிக்க அவன் மூன்று நாள் விடாமல் உட்கார்ந்திருந்தான். கம்பிகளை ஒட்டுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. நிரல் எழுதுவதும் சுமாராகத்தான் பிடித்தது. தவறு எங்கே என்று தேடுவது மட்டும் மிகவும் பிடித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, “இவன் இப்படி ஒரு விஷயத்துல உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லடா,” என்றார்.

எட்டு இப்போது நான்காகியிருக்கிறது. வேதிப் பொறியியல், நீர் தொடர்பான சுற்றுச்சூழல் பாடம் ஒன்று, பொறியியல் பொது நுழைவு, அக்கா கேட்ட தகவல் தொழில்நுட்பம். எது முதலில் என்பதில் தாயும் மகனும் இன்னும் ஒத்துப்போகவில்லை. தேர்வு எழுதி முடித்துவிட்டான். முடிவுகள் எப்படி வருமோ தெரியாது. புள்ளிகள் கைகொடுக்காமல் வேறு பாடத்தில் சேர வேண்டி வரலாம். அப்படி வந்தாலும், தேடிக் கண்டுபிடிக்கும் வேலை எந்தத் துறையில் எங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரிந்த மாணவனாகத்தான் அவன் போவான்.

ஜனவரியில் மூவரும் பொது வரவேற்பு நாளுக்குப் போகிறார்கள். அத்தான் அதற்காக விடுப்பு கேட்டிருக்கிறார்.

உயர்நிலை மூன்றில் இருப்பவருக்கு இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது. இந்த வாரம் ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் மூன்றாண்டுப் பாடப் பட்டியலை முழுமையாக வாசியுங்கள். அந்தத் துறையில் இருக்கும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். உறவினராக இருக்கலாம், அண்டை வீட்டுக்காரராக இருக்கலாம், கோயிலில் சந்திப்பவராகவும் இருக்கலாம். “நேற்று வேலையில் என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்கும்போது, நாமும் அங்கே இருந்திருக்கலாம் என்று தோன்றினால் அந்தப் பாடத்தைப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். தோன்றாவிட்டால் வெட்டிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.